பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு எழுத்து

அப்பாவுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. தும்மல் ஆரம்பித்தால் இரவில் ஒரு செட்டிரிசின் (ஒவ்வாமை மாத்திரை) போடுவார், பல வருடப் பழக்கம். போன வாரம் அது தீர்ந்துவிட்டது. மருந்துக்கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டேன். எடுத்துக் கொடுத்த அட்டையில் பெயருக்குப் பின்னால் 'டி' என்று ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது.

"இது வேறயா?"

"அதேதான் சார், மூக்கடைப்புக்கும் சேர்த்துக் கேட்கும்."

யாருக்கு, என்ன வயது, பிரஷர் இருக்கிறதா? ஒரு கேள்வி இல்லை. சரி என்று வாங்கி வந்துவிட்டேன்.

அப்பாவுக்கு 68 வயது. பிரஷர் உண்டு, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வீக்கமும் உண்டு. அன்று இரவு அவர் கண்ணே மூடவில்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றார். அப்புறம் சிறுநீர் முட்டுகிறது, ஆனால் ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை துடித்தார். மருத்துவமனையில் குழாய் போட்டுத்தான் எடுத்தார்கள். பிரஷர் 180-ஐத் தாண்டியிருந்தது.

மருத்துவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். செட்டிரிசின் 5 மி.கி., அதோடு சூடோஎபெட்ரின் 120 மி.கி. மூக்கினுள் வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறக்கும் மருந்து அது. ஆனால் மூக்கோடு நிற்காது. உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களை இறுக்கும், இதயத்தை வேகமாக்கும், சிறுநீர்ப்பையின் வாய்த் தசையையும் இறுக்கிவிடும். 12 மணி நேரம் மெல்ல மெல்லக் கரையும் மாத்திரை என்பதால் அவ்வளவு நேரமும் இந்த வேதனை.

அட்டையோடு கடைக்குப் போனேன். "எல்லாருக்கும் இதைத்தான் தருகிறோம்" என்றார் அதே ஆள். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

பிரஷர், இதய நோய், கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் இருப்பவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கூட்டு மாத்திரையைக் கொடுக்காதீர்கள். வெறும் தும்மலுக்கும் அரிப்புக்கும் தனி செட்டிரிசினே போதும். பெயரை விடுங்கள், அட்டையின் பின்னால் என்னென்ன மருந்து, எத்தனை மி.கி. என்று படியுங்கள். சில சளி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். தெரியாமல் காய்ச்சல் மாத்திரையும் போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

ஏற்கெனவே போட்டுவிட்டு நெஞ்சு படபடத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று நாங்கள் காத்திருந்ததால்தான் அப்பாவுக்கு அத்தனை வலி.