ஆகஸ்ட் லீவுக்கு எந்த மாயக் கதை: நார்னியாவா, ஹொபிட்டா, ஹரி பொட்டரா, பேர்சி ஜாக்சனா?

யாழ்ப்பாணத்தில் ஆகஸ்ட் லீவு என்றால் நல்லூர்த் திருவிழாவும் கூடவே வந்துவிடும். காலையும் பின்னேரமும் கோயில், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் சொந்தங்கள், ஐஸ்கிறீம் கடை என்று பொழுது போய்விடும். பிள்ளை ஒரு கதைப் புத்தகத்தோடு விறாந்தையில் இருக்கக்கூடிய நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெக்கை தணியும் வரைக்கும்தான். அதனால் ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையான பிள்ளைக்குப் புத்தகம் தேடும்போது நான் பார்ப்பது மூன்றே விஷயம்: ஒரே இருப்பில் ஒரு அத்தியாயம் முடிய வேண்டும், லீவுக்குள் கதை முடிய வேண்டும், அடுத்த நாள் பிள்ளை தானாகவே புத்தகத்தைத் தேட வேண்டும். "இங்கிலீஷ் வளரும்" என்று சொல்லி மட்டும் கொடுக்காதீர்கள். அது இன்னொரு ரியூஷன் ஆகிவிடும்.

இந்த மூன்றிலும் எனக்கு முதலில் நிற்பது சி. எஸ். லூயிஸ் 1950இல் வெளியிட்ட நார்னியாக் கதை 'த லயன், த விட்ச் அன்ட் த வார்ட்ரோப்'. மெல்லிய புத்தகம், 17 சின்ன அத்தியாயங்கள், வசனங்களும் எளிமை. நாலு சகோதரங்கள், ஒரு பெரிய வீடு, பழைய அலுமாரி. அதற்குள் தொங்கும் கம்பளி உடுப்புகளை விலக்கிக்கொண்டு போனால் மறுபக்கம் நார்னியா என்ற மாய நாடு, பனி கொட்டும் காடு. புழுக்கத்தில் வேர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தப் பனியே போதும். சூனியக்காரி கொடுக்கும் டர்கிஷ் டிலைட் என்னவென்று கேட்டால் நம்முடைய மஸ்கற் மாதிரி என்று சொல்லுங்கள், உடனே விளங்கிவிடும். அதற்காக எட்மண்ட் தன் சொந்தச் சகோதரங்களையே காட்டிக்கொடுக்கப் போவதும் அப்போதுதான் உறைக்கும்.

ஆனால் இங்கே இந்தக் கதைக்கு வேறொரு கனமும் இருக்கிறது. அந்த நாலு பிள்ளைகளும் ஏன் அந்த வீட்டுக்கு வந்தார்கள்? லண்டனில் குண்டு விழுகிறது என்று பெற்றோரை விட்டு அனுப்பப்பட்டவர்கள். 1939இல் அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் சிலர் லூயிசின் ஒக்ஸ்ஃபோர்ட் வீட்டிலேயே வந்து தங்கியிருக்கிறார்கள். கதையில் இதைப்பற்றி ஒரு வரிதான் வருகிறது, அதோடு நேரே வீட்டுக்குள் போய்விடுகிறார். பொம்மர் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய, 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் ஒரு பையோடு நடந்த தாய் தகப்பன்மார் இந்த வரியைச் சும்மா கடந்துபோக மாட்டார்கள். பிள்ளை கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் கதை ஓடட்டும்.

ஒரு எச்சரிக்கை. 14ஆம் அத்தியாயத்தில் அஸ்லான் என்ற சிங்கத்தைக் கொன்றுவிடுவார்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடினால் பிள்ளை இரவு நித்திரை கொள்ளாது, அதனால் அன்றைக்கு மட்டும் 15ஐயும் சேர்த்து வாசிக்க விடுங்கள். லூயிசின் கிறிஸ்தவ நம்பிக்கை இந்தக் கதைக்குள் இருப்பது உண்மைதான். சைவ வீட்டுப் பிள்ளைக்கு அதை மறைக்கவும் வேண்டாம், விளக்கம் கொடுக்கவும் வேண்டாம். பிள்ளைக்கு அது ஒரு சிங்கத்தின் கதை.

டோல்கீனின் 'த ஹொபிட்' (1937) எழுத்தின் அழகில் நார்னியாவை விட ஒரு படி மேல் என்றே சொல்வேன், ஆனால் பிள்ளை தனியாக வாசிக்க அல்ல. முதல் அத்தியாயத்திலேயே 13 குள்ளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து இறங்குகிறார்கள், ஃபீலி, கீலி, ஓரி, நோரி என்று பெயர்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அங்கேயே பல பிள்ளைகள் புத்தகத்தை வைத்துவிடுவார்கள். பெரியவர் ஒருவர் உரக்க வாசித்து, இடையிடையே தமிழில் கதையாகச் சொல்லிக்கொண்டு போனால் இதற்கு ஈடே இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் இருட்டுக் குகைக்குள் கதாநாயகன் பில்போவும் அங்கே ஒளிந்து வாழும் கொல்லமும் உயிரைப் பணயம் வைத்து நொடி போடுகிறார்கள். அம்மம்மாவிடம் நொடி கேட்டு வளர்ந்த பிள்ளை அவிழ்க்காமல் விடாது, விடை வரும் வரைக்கும் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். குறை இரண்டு. 14ஆம் அத்தியாயத்தில் புதையலைக் காக்கும் டிராகன் செத்துவிடும், அதற்குப் பிறகும் ஐந்து அத்தியாயம் புதையல் தகராறும் சண்டையுமாக இழுபடும். கதைக்குள் நடமாடிப் பேசும் பெண் பாத்திரம் ஒன்றும் இல்லை; இது எனக்குச் சின்னக் குறையாகப் படவில்லை. நார்னியாவில் அலுமாரிக்குள் முதலில் போகிறவள் லூசி என்ற கடைக்குட்டிப் பெண்பிள்ளை.

ஹரி பொட்டர் முதல் புத்தகம் (1997) நல்ல கதை, சந்தேகமில்லை. இல்லங்கள், புள்ளிகள், போட்டி எல்லாம் இங்கத்தைய இல்ல விளையாட்டுப் போட்டி பார்த்த பிள்ளைக்கு உடனே பிடிபடும். ஆனால் லீவு வாசிப்புக்கு எனக்குச் சரிவரவில்லை. கதையே பள்ளிக்கூடம், கடைசியில் சோதனை வேறு. ஒன்றோடும் நிற்காது, ஏழு புத்தகம், ஐந்தாவதில் மட்டும் 38 அத்தியாயம். லீவு முடிந்து தவணை தொடங்கிய பிறகும் பிள்ளை அதற்குள்ளேயே கிடக்கும். டிசம்பர் லீவுக்கு எடுத்துவையுங்கள்.

தமிழில்தான் வேண்டும் என்றால் பலர் 'குட்டி இளவரசன்' கொடுப்பார்கள். பிரெஞ்சிலிருந்து நேரடியாக வந்த அருமையான மொழிபெயர்ப்பு, ஆனால் அதன் சோகம் பெரியவர்களுக்கானது.

வாசிப்பென்றாலே எழுந்து ஓடும் பிள்ளைக்கு மட்டும் நான் பேர்சி ஜாக்சனின் முதல் கதையைச் (2005) சொல்வேன். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படும் பையனே அதில் வீரன். அதை எழுதிய றிக் றயர்டன் அந்தச் சிரமம் இருந்த தன் மகனுக்குச் சொல்லத் தொடங்கிய கதை அது. கிரேக்கக் கடவுள்கள் இன்றைய அமெரிக்காவில் நடமாடுகிறார்கள், சூரன்போர் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது புதுமையே இல்லை. அமெரிக்கப் பகிடிகள் பாதி விளங்காது, பரவாயில்லை, கதை கெதியாக ஓடும்.

வாங்க முதல் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் தேடிப் பாருங்கள். நார்னியாவைத் தொகுதியாக வாங்குகிறவர்கள் முதுகில் 1 என்று போட்டிருப்பதை முதலில் எடுத்துவிட வேண்டாம். இப்போதைய பதிப்புகளில் அந்த இடத்தில் இருப்பது 1955இல் வந்த 'த மஜிசியன்ஸ் நெஃப்யூ'. அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்பதை அது முன்னமே சொல்லிவிடும். 2 என்று போட்டதிலிருந்து தொடங்குங்கள்.