மாத்திரையா, பாட்டிலா, மோரா?

எனக்கு ஒற்றைத் தலைவலி இருபது வயதில் தொடங்கியது. இடது கண்ணுக்குப் பின்னால் துடிக்கும். வெளிச்சம் ஆகாது, செம்பனை ஆலை வாடை ஆகாது, மதியத்துக்குள் வாந்தி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை. மாதம் ஏழெட்டு நாள் இப்படிப் படுத்தால் சம்பளக் கணக்கை யார் போடுவது? பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த அம்மா இதைப் பித்தம் என்பார். “வயிறு சரியில்லன்னா தலை எங்க சரியா இருக்கும், பிள்ள?”

அம்மா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. குடலையும் மூளையையும் வேகஸ் நரம்பு இணைக்கிறது. உடம்பின் செரட்டோனினில் (நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்) ஏறக்குறைய 90 விழுக்காடு குடலில்தான் உற்பத்தியாகிறது. ஆனால் அது நேராக மூளைக்குள் போய்விடாது, நடுவில் தடுப்பு இருக்கிறது. இன்னொன்று, தலைவலி வரும்போது பலருக்கு இரைப்பை மந்தமாகிவிடும். விழுங்கிய மாத்திரை சீக்கிரம் கேட்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, நல்ல பாக்டீரியாவைக் குடலுக்கு அனுப்பினால் தலைவலி குறையுமா? 2017-இல் நெதர்லாந்தில் 63 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், போலி மருந்து சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. 2019-இல் ஈரானில் 14 வகை பாக்டீரியா கலந்த மாத்திரை கொடுத்ததில் தலைவலி வரும் நாள்கள் குறைந்தன. ஒன்று ஆம், ஒன்று இல்லை. இந்த நிலைமையில்தான் நான் நல்ல பாக்டீரியா மாத்திரை, பாட்டில் பானம், வீட்டு மோர் மூன்றையும் முயன்று பார்த்தேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி வாங்கும் புரோப்பிரனலோலை (ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கும் மாத்திரை) நிறுத்தவில்லை. இவை எல்லாம் அதற்கு மேல்தான்.

பாட்டில் பானத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யாகுல்ட் 1935-லிருந்து விற்கிறது, விட்டாஜென் நம் நாட்டில் நாம் சிறுபிள்ளையாக இருந்தபோதே இருந்தது. விலை மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், இனிப்பு அதிகம். என் வீட்டில் அது ஐஸ் பெட்டியில் ஒரு நாளுக்கு மேல் தங்கியதில்லை. பையன்கள் இருவருக்கும் குடல் ஆரோக்கியம் பிரமாதம்.

மாத்திரைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. டப்பாவில் எந்த வகை பாக்டீரியா, எத்தனை கோடி என்று எழுதியிருக்கும். ஆராய்ச்சி செய்தவர்களும் மாத்திரை, பொடி மாதிரியான இவற்றைத்தான் கொடுத்தார்கள். நேர்மையாகச் சொன்னால் ஆதாரம் அந்தப் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறது. ஆனால் எங்கள் ஊரில் நான் கேட்டது கிடைக்கவில்லை. ஈப்போவில் 90 வெள்ளிக்கு ஒரு மாதத்துக்கான டப்பா வாங்கி, வழியில் சாப்பிட இறங்கினேன். திரும்பி வந்தபோது கார் அடுப்பு மாதிரி கொதித்தது. வீட்டில் திறந்தால் மாத்திரைகள் மூன்று மூன்றாக ஒட்டிக் கிடந்தன. உள்ளே எது உயிரோடு இருந்ததோ! அதையும் சாப்பிட்டேன், காசாச்சே. அப்புறம் இரண்டாவது டப்பாவோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டு மாதத்தில், தலைவலி நாள்களைக் குறித்து வைக்கும் என் நோட்டில் மாதம் ஏழு நாள் ஆறாகக் குறைந்திருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இனி மோர். எனக்கு முடிவைத் தீர்மானித்தது பலனைவிடப் பராமரிப்புதான். இந்த பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை குடலில் குடியேறுவதில்லை, வந்து போகும். நிறுத்தினால் போய்விடும். ஆகவே எது சிறந்தது என்பதைவிட, எதை நாள் தவறாமல் மூன்று மாதம் ஓட்ட முடியும் என்பதே கேள்வி. மாதம் 90 வெள்ளி என்னால் முடியாது. உறை மோர் முடியும்.

மாடு வைத்திருப்பவர் காலையில் மினரல் தண்ணீர் பாட்டிலில் பால் கொண்டு வருவார். காய்ச்சி, சுண்டுவிரலை விட்டால் சூடு தெரிய வேண்டும், ஆனால் சுடக்கூடாது. அந்த நேரத்தில் அரைக் கரண்டி உறை. நம் வெயிலுக்கு ஐந்தாறு மணி நேரம் போதும். மழை நாளில் கிண்ணத்தை அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பேன். வேலைக்குப் போய்விட்டு மறந்தால் புளித்துவிடும். அதுதான் இதன் தொல்லை, குழந்தை வளர்ப்பது போல. வீட்டில் இல்லாத நாளில் யாராவது பார்க்க வேண்டும். அதிகம் புளித்த தயிரில் எனக்குப் பயமும் உண்டு. நொதித்த உணவுகளில் ஹிஸ்டமின், டைரமின் என்ற வேதிப்பொருள்கள் சேரும், அவை சிலருக்குத் தலைவலியைத் தூண்டும். ஒரு தடவை தெம்போயாக் (நொதிக்க வைத்த டுரியான்) சாப்பிட்டு மறுநாள் முழுக்கப் படுத்தேன். அதற்குக் காரணம் டுரியானா, நொதித்ததா, முந்தின இரவு தூங்காததா, தெரியாது.

இன்னொரு குறையையும் மறைக்கக்கூடாது. உயிருள்ள நுண்ணுயிர், போதுமான அளவு, உடம்புக்குப் பலன், இதெல்லாம் இருந்தால்தான் அது புரோபயோட்டிக் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2001-இல் வரையறுத்தது. என் கிண்ணத்தில் எத்தனை கோடி என்று யார் எண்ணினார்கள்?

இருந்தும் ஐந்து மாதத்தில் நோட்டில் நாள்கள் நாலாகின. மோருக்குத்தான் அந்தப் பெருமை என்று சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் காலையில் கோப்பியோடு கிளம்பி மதியம் இரண்டு மணி வரை பசியாறாமல் கிடப்பேன். இப்போது பத்து மணிக்கு அலுவலகத்தில் உப்பு போட்ட மோர் ஒரு பெரிய டம்ளர், கூட இரண்டு தோசை. பட்டினியும் தண்ணீர் குறைவதும் ஒற்றைத் தலைவலிக்குப் பழைய காரணங்கள். அதுவும் இதுவும் சேர்ந்து கிடக்கின்றன, என்னால் பிரிக்க முடியவில்லை. வலி மாத்திரை குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ விழுங்கினால் அதுவே தலைவலியாகும் என்று கிளினிக்கில் சொன்னார்கள்.

போன மாதம் உறவினர் கல்யாணத்துக்கு கிள்ளான் போய் நாலு நாள் கழித்து வந்தேன். உறை கெட்டுப்போயிருந்தது. எதிர்வீட்டு அக்காவிடம் போய் அரைக் கரண்டி கேட்டேன். “உங்க உறைதானே தம்பி, எடுத்துக்கிட்டு போங்க” என்றார். தீபாவளிக்கு நான்தான் கொடுத்திருந்தேன்.