எச்சரிக்கை: "குளம் மாதிரி கடல், குழந்தைகூட இறங்கலாம்" என்று விற்கப்படும் ஸ்நோர்க்கலிங்

குடும்பத்தோடு ஸ்நோர்க்கலிங் (மாஸ்க்கும் வாயில் மூச்சுக்குழலும் மாட்டி, கவிழ்ந்து மிதந்தபடி மீன் பார்ப்பது) போக, அலை அடிக்காத ஒதுக்கமான கடற்கரையைத் தேர்ந்தெடுப்பது நல்ல முடிவுதான். அந்த நல்ல முடிவை வைத்தே ஏமாற்றுகிறார்கள். "அலையே இல்லை, இடுப்பளவு தண்ணீர்தானே" என்ற ஒரே பேச்சில் சரியான அளவு மாஸ்க், லைஃப் ஜாக்கெட், இறங்குமுன் பயிற்சி, கவனிக்க ஓர் ஆள் என்று காசு வாங்கிய அத்தனையும் காணாமல் போகும். பிள்ளைகள் ஆசையோடு நிற்பார்கள், பணமும் கொடுத்தாயிற்று. அந்த நேரத்தில் மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது. விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். பேச வேண்டியதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

"எல்லாக் கருவிகளும் சேர்த்து" என்று ஆளுக்கு இவ்வளவு என வாங்குவார்கள். கரையில் பார்த்தால் ஒரு கூடையில் ஏழெட்டு மாஸ்க் கிடக்கும், எல்லாம் பெரியவர் அளவு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதையே பட்டையை இறுக்கி மாட்டிவிடுவார்கள். இறுக்கினால் தண்ணீர் புகாது என்பது தவறு. மாஸ்க் ஒழுகாமல் இருப்பது சிலிக்கான் விளிம்பு முகத்தோடு படிந்து உட்கார்வதால். பட்டையை அளவுக்கு மீறி இறுக்கினால் விளிம்பு மடங்கி இன்னும் வேகமாக ஒழுகும்.

சோதிக்க அரை நிமிடம் போதும். பட்டையைத் தலைக்கு மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்து, இழுத்தபடியே கையை எடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நெற்றி முடி உள்ளே சிக்கியிருந்தாலோ, அடர்ந்த மீசை இருந்தாலோ ஒழுகும். மீசைக்காரர்கள் மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளலாம். மாஸ்க் கண்ணாடியில் டெம்பர்டு (பதப்படுத்திய உறுதியான கண்ணாடி) என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் முகப்பு என்றால் அது பொம்மைதான். மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடியைக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். அதற்குள் மூக்கால் காற்று விட வழியில்லை, ஓர் ஆள் ஆழம் முங்கினாலே கண்ணைப் பிடித்து இழுக்கும். கண்ணாடி அணிபவர்களுக்கு பவர் வைத்த மாஸ்க் கிடைக்கும், முன்கூட்டியே கேளுங்கள். சாதாரண மூக்குக் கண்ணாடியின் மேல் மாஸ்க் மாட்டவே முடியாது.

மூச்சுக்குழலின் மேல்வாயை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு வாயால் உறிஞ்சிப் பாருங்கள். காற்று துளியும் வரக்கூடாது. வந்தால் அடியில் உள்ள வால்வு கிழிந்திருக்கிறது அல்லது மணல் சிக்கியிருக்கிறது. கடலில் அதே வழியாகத் தண்ணீர் வரும். பல்லால் கடிக்கும் பகுதி பிய்ந்திருந்தால் வேண்டாம். பெரியவர் குழலைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதும் தவறு. குழலுக்குள் தங்கிய பழைய மூச்சுக்காற்றையே குழந்தை திரும்பத் திரும்ப இழுக்கும். பலர் வாயில் போன குழல் என்பதால், வாய்ப்பகுதியை மட்டுமாவது வீட்டிலிருந்து புதிதாக வாங்கிப் போவது நல்லது.

முகம் முழுவதும் மூடும் மாஸ்க்கைக் கூடுதல் காசுக்குத் தலையில் கட்டுவார்கள். "மூக்காலும் மூச்சு விடலாம், பழக்கமே வேண்டாம்" என்பார்கள். இங்கேதான் மிகவும் கவனம் வேண்டும். அதற்குள் மெல்லிய வால்வுகள் வெளிவிட்ட காற்றைப் பக்கவாட்டுக் குழாய்கள் வழியே வெளியேற்ற வேண்டும். மலிவான தயாரிப்பிலோ, முகத்துக்குப் பெரிதாக இருந்தாலோ, கெட்ட காற்று கண்ணெதிரே உள்ள அறையில் கலந்து தங்கும். தலைவலி, கிறுகிறுப்பு, அதன்பின் மயக்கம் வரை போகலாம். தண்ணீர் புகுந்தால் சாதாரணக் குழலைப் போல வாயிலிருந்து துப்பிவிட முடியாது. பட்டையோடு முழுதாகக் கழற்ற வேண்டும், பதற்றத்தில் குழந்தைக்கு அது வராது. பிள்ளைகளுக்கும், இதயக் கோளாறோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கும் இது வேண்டவே வேண்டாம்.

அடுத்த ஏமாற்று, மிதவைச் சட்டை. லைஃப் ஜாக்கெட் உண்டு என்பார்கள். கையில் வருவதோ வாயால் ஊதும் மெல்லிய சட்டை, அல்லது நீச்சல் குளத்து வளையம். லைஃப் ஜாக்கெட்டின் உள்பக்கத்தில் எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு, எத்தனை நியூட்டன் (தூக்கிப் பிடிக்கும் விசையின் அளவு) மிதப்பு என்று எழுதியிருக்கும். 50 நியூட்டன் என்பது நீச்சல் தெரிந்தவருக்கு, அதுவும் உதவி பக்கத்திலேயே இருக்கும்போது. முகத்தை மேலே திருப்பிப் போடும் நோக்கில் செய்யப்படுபவை 100 நியூட்டனும் அதற்கு மேலும். மாட்டிய பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது. குழந்தைக்குக் கால்களுக்கு நடுவே போகும் பட்டை இருக்க வேண்டும். ஊதும் சட்டையானால் முழுக்க ஊதி, மூடி, சில நிமிடம் அழுத்திப் பிடித்து இளகுகிறதா பாருங்கள்.

ஊதும் சட்டை போட்டவர் முகம் கவிழ்ந்தே மிதப்பார், மயங்கினாலும் அப்படியேதான். மீன் பார்ப்பவரும் அசையாமல் கவிழ்ந்து கிடப்பார், மூச்சு நின்றவரும் அப்படித்தான் கிடப்பார். கரையிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கூச்சல் இருக்காது, கை உதறல் இருக்காது. "எங்க ஆள் கரையிலிருந்து பார்த்துக்குவார்" என்ற உறுதிமொழி அதனால் எதற்கும் உதவாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை நீட்டினால் தொடும் தூரத்தில், தண்ணீருக்குள் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்திச் சைகை காட்ட வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒரே வழிகாட்டி பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிப்போகிறார் என்றால் அவர் வழி காட்டுவார், அவ்வளவுதான். காவல் உங்களுடையது.

அமைதியான கடல் என்ற பேச்சுக்கே வருவோம். கரைக்குப் பின்னால் மேடோ மரக்கூட்டமோ காற்றை மறைப்பதால்தான் கரையோரம் கண்ணாடி போல இருக்கிறது. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் நாளில், மறைப்பைத் தாண்டியதும் அதே காற்று ஆளை வெளியே தள்ளும். குனிந்து மீன் பார்ப்பவருக்குத் தான் நகர்வதே தெரியாது. வளைகுடாவின் இரு முனைகளிலும், பவளத்திட்டில் உள்ள இடைவெளிகளிலும் நீரோட்டம் வேகம் எடுக்கும். வற்றும் நேரத்தில் உள்ளிருக்கும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாகத்தான் வெளியேறும். இறங்குமுன் ஒரு காய்ந்த குச்சியைத் தண்ணீரில் போட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். முதலில் ஓட்டத்தை எதிர்த்து நீந்துங்கள், களைத்துத் திரும்பும்போது ஓட்டமே கொண்டுவந்து விடும். கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கட்டிடத்தையும் நேர்கோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கோடு விலகினால் நீங்கள் விலகிவிட்டீர்கள்.

பெரும்பாலும் காலை வேளை நல்லது, பகலில் கடல்காற்று எழுந்து தெளிவைக் கெடுக்கும். கடல் ஏறி நிற்கும் நேரம் இன்னும் நல்லது. வற்றிய நேரத்தில் திட்டின் மேல் வயிறு உரசும், பவளம் கீறிய புண் எளிதில் சீழ் பிடிக்கும். இவர்களோ தங்கள் படகு எப்போது காலியோ அப்போது உச்சிவெயிலில் கூட்டிப்போவார்கள். நேரத்தை நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

"வானிலை மோசமானால் பணம் திரும்ப" என்பதை எழுத்தில் கேளுங்கள். வானிலை என்றால் அவர்களுக்குப் புயல் மட்டும்தான். மழைக்குப் பின் ஆற்றுநீர் கலந்து கடல் இரண்டு மூன்று நாள் கலங்கிக் கிடக்கும். வெயில் அடிக்கும், ஒரு மீனும் தெரியாது, பணமும் வராது. "தண்ணீர் கலங்கலாக இருந்தால் வேறு நாள்" என்று தனியாக எழுதி வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டையோ அடையாள அட்டையையோ ஈடாகக் கொடுக்காதீர்கள். கருவிகளை வாங்கும்போதே கீறல், கிழிசலைப் படம் எடுத்துவிடுங்கள், பழைய விரிசலுக்கு உங்களிடம் வசூலிப்பது வழக்கமான வேலை.

சன்ஸ்க்ரீனும் விற்பார்கள், பவளத்துக்குப் பாதுகாப்பானது என்ற சீட்டோடு. அந்தச் சொல்லை யாரும் போட்டுக்கொள்ளலாம், பொதுவான சட்ட வரையறை இல்லை. பின்பக்கம் பாருங்கள்: பவளத்துக்குக் கெடுதல் என்று சொல்லப்படும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருள்கள் இரண்டும் இருக்கக்கூடாது. ஹவாயில் 2021 முதல் இவை உள்ளவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே தடை. முதுகுக்கு முழுக்கைச் சட்டையே மேல். மீனைக் கூட்ட ரொட்டி கொடுத்தால் வாங்காதீர்கள், தீனிக்குப் பழகிய மீன் விரலைக் கடிக்கும்.

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். வெதுவெதுப்பான கடலிலும் பிள்ளைகளை இருபது, முப்பது நிமிடத்தில் கரையேற்றித் துவட்டுங்கள். உதடு நீலம் பாரித்தால் அன்றைக்குப் போதும். திருக்கையோ கல்மீனோ குத்தினால் தாங்கும் அளவு சுடுநீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி வரை காலை வைத்திருந்து மருத்துவரிடம் போக வேண்டும். படகில் சுடுநீர்க் குடுவையும் முதலுதவிப் பெட்டியும் உண்டா என்று கேளுங்கள். பெட்டி இருக்கிறது என்றால் திறந்து காட்டச் சொல்லுங்கள்.