பின் சீட்டுக்கு ஒரு லைட்: கிட் வாங்கி நானே மாட்டிய கதை

எங்கள் சின்னக் காரில் உள் லைட் ஒன்றே ஒன்றுதான். அதுவும் ரியர் வியூ கண்ணாடிக்கு மேலே, முன் சீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும். வேரியன்ட் வரிசையில் கடைசியில் இருப்பதை வாங்கினால் முதலில் காணாமல் போவது இந்த மாதிரிச் சில்லறைச் சாமான்கள்தான்: பின் சீட் லைட், டிக்கி லைட், டேஷ்போர்டு பெட்டி லைட். ராத்திரி அம்மா பின்னால் ஏறினால் பெல்ட் கொக்கியைத் தேடி சீட்டைத் தடவிக்கொண்டே இருப்பார், நான் முன்னாலிருந்து திரும்பி போன் டார்ச்சைப் பிடிப்பேன், அது நேராக அவர் கண்ணில் போய் அடிக்கும், அதற்கு ஒரு திட்டு. இப்படியே ஒரு வருஷம் ஓட்டிவிட்டு, 'எந்தக் காருக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்த ரூஃப் லைட் கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கி நானே மாட்டினேன். லைட் நல்ல லைட். கூட வந்த மற்ற சாமான்களைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெட்டிக்குள் என்ன இருந்தது? உள்ளங்கை நீளத்துக்கு ஒரு செவ்வக லைட், அதில் ஆன், டோர், ஆஃப் என்று மூன்று நிலை ஸ்விட்ச். உள்ளே 31 மிமீ எல்இடி பல்பு, அதாவது இரண்டு முனையிலும் உலோக மூடி வைத்து பழைய கண்ணாடி ஃபியூஸ் மாதிரி இருக்குமே, அந்த வடிவம். மூன்று வயர், மூன்று நீல நிற ஒட்டுக் கிளிப், இரட்டைப் பக்க டேப், பிளாஸ்டிக் நெம்பி ஒன்று, ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் மூன்றே வரி: சிவப்பை பேட்டரிக்கு, கறுப்பை பாடிக்கு, வெள்ளையைக் கதவுக்கு. கதவுக்கு என்றால் கதவில் எங்கே, கைப்பிடியிலா?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்ச் ஒவ்வொரு நிலையிலும் 'டக்' என்று உட்காருகிறது, இடையில் தொங்குவதில்லை. மேல் மூடி மெல்லிய பிளாஸ்டிக்தான், ஆனால் பால் நிறத்தில் இருப்பதால் வெளிச்சம் புள்ளி புள்ளியாக இல்லாமல் பரவி வருகிறது. எல்லாவற்றையும் விட, பல்பைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். நிறைய கிட்களில் எல்இடியை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், ஒன்று அணைந்தால் மொத்த லைட்டும் குப்பைக்கு. இதில் அந்தத் தலைவலி இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே திரும்ப வாங்கச் சொன்னாலும் இதைத்தான் வாங்குவேன்.

இனி வயர் விஷயம். வீட்டு வயரிங் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள், நானும் தடுமாறினேன். வீட்டில் ஸ்விட்ச் லைன் பக்கம் இருக்கும். பெரும்பாலான கார்களில் உள் லைட்டுக்குக் கதவு ஸ்விட்ச் எர்த் பக்கம், அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த கார் பாடியின் பக்கம் இருக்கும். லைட்டுக்கு 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும், கதவைத் திறந்தால் மறுமுனை பாடியோடு இணையும், லைட் எரியும். ஆகவே மூன்று நிலை ஸ்விட்ச் உள்ள லைட்டுக்கு மூன்று வயர் வேண்டும்: எப்போதும் இருக்கும் 12 வோல்ட், நிரந்தர எர்த், கதவு திறந்தால் மட்டும் எர்த் ஆகும் வயர். நல்ல விஷயம் என்னவென்றால், இந்த மூன்றும் முன் லைட்டின் பின்னாலேயே இருக்கின்றன. கதவு வரைக்கும் போகவே வேண்டாம். சீட்டில் இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் எனக்கு அரை நாள் மிச்சம்.

முன் லைட்டின் மூடியை நெம்பி எடுத்து, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, கனெக்டரைப் பிடுங்காமல் அப்படியே தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பாடி உலோகத்தில் வைத்து ஒவ்வொரு வயராகப் பார்த்தேன். ஒன்றில் 12.5. மற்ற இரண்டிலும் பூஜ்யம். கதவைத் திறந்தேன், பூஜ்யம். மூடினேன், அப்போதும் பூஜ்யம். சரி, இரண்டுமே எர்த் போலிருக்கிறது, கதவு வயர் இந்தக் காரில் வேறெங்கோ போகிறது என்று நினைத்து கிட்டத்தட்ட எழுந்தே விட்டேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது, முன் லைட்டின் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறது. ஆஃபில் இருந்தால் கதவு வயர் பல்போடு சேராமல் தனியே நிற்கும், மீட்டரில் ஒன்றும் காட்டாது. ஸ்விட்சை டோர் நிலைக்குத் தள்ளியதும், கதவு மூடியிருக்கும்போது அந்த வயரில் 12.5 வந்தது, ஏனென்றால் இப்போது பல்பின் இழை வழியாக வோல்டேஜ் அங்கே வந்து நிற்கிறது. கதவைத் திறந்தேன், பூஜ்யத்துக்கு விழுந்தது, லைட் எரிந்தது. எரியும்போது பூஜ்யம், அணைந்திருக்கும்போது 12.5. இது மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும், ஆனால் ஏறிவிட்டால் வேலையில் பாதி முடிந்தது. அன்று இரண்டையும் எர்த் என்று நம்பி வெள்ளை வயரை நிரந்தர எர்த்தில் போட்டிருந்தால், டோர் நிலையில் வைத்த லைட் கதவு மூடிய பிறகும் விடிய விடிய எரிந்திருக்கும்.

அளந்து முடித்ததும் 10 மிமீ ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டேன். கடிகாரத்தைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும், சில கார்களில் ரேடியோ ரகசிய எண் கேட்கும், அதை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் விஷயத்தில் விளையாட வேண்டாம். என் காரில் முன்னால் இரண்டு மட்டும்தான். உங்கள் காரில் பில்லர் கவர் மேல், அதாவது கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கும் தூணின் மூடி மேல், எஸ்ஆர்எஸ் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் கதவுக்கு மேலே கூரை ஓரத்தில் மடித்து வைத்த திரை ஏர்பேக் இருக்கும். அதன் முன்னால் வயர் இழுத்தால் அது விரியும்போது தடுக்கும். மஞ்சள் கனெக்டர் தென்பட்டால் கையை எடுத்துவிடுங்கள். அப்படிப்பட்ட காருக்கு இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதுதான் சரி, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கூரைத் துணியை வெட்டுவதுதான் மனசு கேட்காத இடம். ஒரு தடவை வெட்டினால் வெட்டினதுதான். விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, குறுக்குச் சட்டம் இல்லாத, 'தொப் தொப்' என்று காலியாகச் சத்தம் வரும் இடத்தைப் பிடித்தேன். லைட்டின் வெளி விளிம்பை வைத்து வரையக்கூடாது, பின்னால் உள்ளே போகும் உடம்பை வைத்து அட்டையில் வரைந்து, அதை விட 2 மிமீ உள்ளே தள்ளி, பிளேடை 5 மிமீ மட்டும் வெளியே நீட்டி வெட்டினேன். துளை சின்னதாக இருந்தால் பெரிதாக்கலாம், பெரிதாகிவிட்டால் விளிம்பு மறைக்காது. கிட்டில் கொடுத்த இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டலாம்தான். துணி மேல் ஒட்டிய டேப் வெயிலில் நின்ற காரில் எத்தனை நாள் தாங்கும்? லைட்டின் இரண்டு பக்கமும் எஃகு ஸ்ப்ரிங் கிளிப் இருக்கிறது, அது லைனிங்கைப் பிடித்துக்கொள்கிறது, அதுவே போதும். ஸ்க்ரூ அடிக்கும் ஆசை வந்தால் மேலே இருப்பது வெறும் கூரைத் தகடு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வயரை இழுத்தது பெரிய கதை இல்லை. கதவுச் சட்டத்தின் ரப்பர் பீடிங்கைக் கையால் இழுத்தால் லைனிங்கின் ஓரம் தளர்ந்துவிடும், விரல் நுழையும். முன் லைட் துளையிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து பின்னால், அங்கிருந்து நடுவுக்கு. வயர் முழுக்கத் துணி டேப் சுற்றினேன், இல்லையென்றால் தகட்டில் தட்டி ஓயாமல் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், எங்கிருந்து வருகிறது என்று தேடியே ஆயுள் முடியும்.

இப்போது அந்த நீலக் கிளிப். வயரை வெட்டாமல், இன்சுலேஷனைச் சீவாமல், மூடியை அமுக்கினால் உள்ளே இருக்கும் தகடு இரண்டு வயரையும் குத்தி இணைத்துவிடும், அவ்வளவு சுலபம் என்கிறார்கள். சுலபம்தான். மாட்டினேன், எரிந்தது, வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின் லைட் கண் சிமிட்டத் தொடங்கியது. காரணம் எளிது. நீலக் கிளிப் ஏறக்குறைய 1 முதல் 2.5 சதுர மிமீ வயருக்கானது. உள் லைட்டுக்கு வரும் கம்பெனி வயர் 0.5 சதுர மிமீ அல்லது அதற்கும் மெல்லிசு. தகட்டின் வெட்டு அகலமாக இருப்பதால் செம்பை இறுக்கிப் பிடிப்பதில்லை, தொட்டும் தொடாமலும் நிற்கிறது. இந்தக் கிளிப்பில் சிறிய வயருக்கென்று சிவப்பு நிறம் இருக்கிறது, அதைப் போட்டிருக்க வேண்டும், கிட்காரன் கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டான். நான் மூன்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, வயரை வெட்டி, அளவுக்கேற்ற கிரிம்ப் ஜாயின்ட் (வயரை உள்ளே விட்டு நசுக்கி இறுக்கும் உலோகக் குழாய்) போட்டு, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் சூடாக்கி மூடினேன். சாலிடர் செய்யலாமே என்பார்கள். தலைக்கு மேல் சாலிடரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டு, உருகிய ஈயம் சீட்டில் சொட்டாமல் செய்ய முடிந்தால் செய்யுங்கள், எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

கிட்டில் இல்லாத, இருந்தே ஆக வேண்டிய ஒரு பொருள்: ஃபியூஸ். உள் லைட் சர்க்யூட்டுக்கு பெட்டியில் 7.5 அல்லது 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும், ரேடியோவும் கடிகாரமும் கூட அதிலேயே தொங்கும். கிட்டில் கொடுத்த வயரோ தலைமுடிக்குக் கொஞ்சம் பெரிசு. அது எங்காவது உரசித் தகட்டில் பட்டால், 10 ஆம்பியர் ஃபியூஸ் போவதற்குள் வயர் சூடாகிவிடலாம், அதுவும் கூரைத் துணிக்குப் பின்னால். இத்தனைக்கும் இந்த லைட் எடுப்பது எவ்வளவு? சாதாரண 5 வாட் பல்பு என்றாலே 0.42 ஆம்பியர்தான், எல்இடி அதில் சின்னப் பங்கு. சிவப்பு வயரில், இணைப்புக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று சேர்த்தேன். இதைக் கிட்டிலேயே வைத்திருக்க வேண்டாமா? நெம்பி வைக்கத் தெரிந்தவனுக்கு ஃபியூஸ் வைக்கத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு வாரம் கழித்து ஒரு பேய்க் கதை. ராத்திரி காரைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பின் லைட் மங்கலாக, மின்மினி மாதிரி, எரிந்துகொண்டிருக்கிறது. கதவெல்லாம் சரியாக மூடியிருக்கிறது. மறுநாள் ராத்திரி இல்லை. அதற்கு மறுநாள் இருந்தது. கடைசியில் பிடிபட்டது: முன் லைட்டை ஆஃபில் வைத்த நாளில் மட்டும் மங்கல் வெளிச்சம் வருகிறது, டோரில் வைத்த நாளில் வருவதில்லை. கதவு வயரைக் கவனிக்கும் பாடி கன்ட்ரோல் மாட்யூல் (லைட், கதவு மாதிரி விஷயங்களைப் பார்த்துக்கொள்ளும் காரின் சின்னக் கம்ப்யூட்டர்) வழியாக எப்போதும் துளிக் கரண்ட் கசிகிறது. முன்னால் இருக்கும் இழை பல்பு டோர் நிலையில் சர்க்யூட்டில் இருந்தால் அந்தத் துளி அதன் வழியே போய்விடும், இழை அதற்கெல்லாம் எரியாது. அதை ஆஃப் செய்துவிட்டால் மிச்சம் இருக்கும் ஒரே வழி எல்இடி, அதற்குத் துளி கிடைத்தாலும் போதும், முழித்துக்கொள்ளும். பல்பின் இரண்டு முனைக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டேன். பேய் போய்விட்டது. லைட் எரியும்போது ரெசிஸ்டரில் 0.2 வாட் வீணாகும், அது ஒரு பொருட்டே இல்லை.

கிட்டோடு வந்த பல்பு நீலம் கலந்த வெள்ளை, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி. ஓட்டும்போது பின்னால் யாராவது போட்டால் முன் கண்ணாடியில் பளிச்சென்று தெரியும், ரோடு மறைகிறது. 3000 கெல்வின் மஞ்சள் எல்இடியாக மாற்றினேன். போட்டதும் எரியவில்லை, பல்பைத் திருப்பிப் போட்டேன், எரிந்தது. எல்இடிக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் பேதம் உண்டு, இதைத் தெரியாமல் எத்தனை பேர் நல்ல பல்பைத் திருப்பி அனுப்பியிருப்பார்களோ. ஆன் நிலையில் மறந்து விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு: 1 வாட் எல்இடி 10 மணி நேரம் எரிந்தால் 0.8 ஆம்பியர் மணிதான், 35 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது உறைக்காது. இதுவே 5 வாட் இழை பல்பு என்றால் 4 ஆம்பியர் மணிக்கு மேல், பழைய பேட்டரியாக இருந்தால் காலையில் முனகும். அதற்காகவே இதில் 10 வாட் இழை பல்பெல்லாம் போட வேண்டாம், அந்த மெல்லிய மூடி சூட்டில் சுருங்கிவிடும்.

மாட்டி நான்கு மாதம் ஆகிறது, கோளாறு இல்லாமல் எரிகிறது, லைனிங் தொய்யவில்லை. அம்மா பெல்ட்டை ஒரே தடவையில் போட்டுவிடுகிறார். டிக்கிக்கும் ஒன்று வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். பின்னால் இழுத்த வயரை அரை மீட்டர் நீளமாக விட்டு, முனையைச் சுருட்டி டேப் அடித்து லைனிங்குக்குள் செருகித்தான் வைத்திருக்கிறேன்.