லைக்கா எம் 11-க்கு மாறுவதா? எம் 240-உடன் எட்டு வருடம்

என்னுடைய லைக்கா எம் 240 கமராவைப் பாவித்த நிலையில் வாங்கி எட்டு வருடமாகிறது. கூடவே ஒரு 50 மில்லிமீற்றர் எஃப்2 லென்ஸ். கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் கடலோர ரயில், செட்டியார் தெரு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசல் எல்லாம் அந்த ஒரே லென்ஸில் எடுத்தவைதான். ஒன்றரை வருடமாக, அதற்குப் பின் வந்த எம் 11 மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஆடிவேல் தேர்த் திருவிழாவுக்கு நண்பர் தன்னுடையதை ஒரு கிழமைக்குத் தந்தார். இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

மாற நினைத்தது மெகாபிக்சலுக்காக இல்லை. எனக்கு ஃபோகஸ் தப்ப ஆரம்பித்திருந்தது. இரண்டுமே ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கமரா, அதில் ஃபோகஸ் தானாக விழாது. பார்க்கும் கண்ணாடியின் நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதற்குள் ஒரே காட்சி இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். ஆட்களை எடுக்கும்போது நான் பொட்டின் விளிம்பைப் பிடிப்பேன். செட்டியார் தெருவில் மாலை கட்டும் ஒரு அம்மாவின் நெற்றியில் முதலில் இரண்டு பொட்டு இருக்கும். மெல்ல நகர்ந்து ஒரு பொட்டாகும்போது அழுத்தினால் இமை மயிர்கூட எண்ணலாம். போன வருடத்திலிருந்து அது கைகூடவில்லை. முகம் மங்கல், தோளில் கிடந்த சேலைக் கரை கூர்மை.

எம் 11-ஐக் கண்ணில் வைத்தவுடன் வித்தியாசம் தெரிந்தது. என்னுடையதில் காட்சி 0.68 மடங்கு, அதில் 0.73. என்னுடையது 680 கிராம், கறுப்பு எம் 11 530 கிராம்தான். அடித்தட்டைக் கழற்றாமலே பற்றரி மாற்றலாம், மழையில் குடையோடு நிற்கும்போது அது பெரிய உதவி. இரவில் தேர் வரும்போதுதான் அசந்துபோனேன். எம் 240-ஐ 2012-இல் அறிவித்தார்கள், வெளிவந்தது அடுத்த வருடம். அதன் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியை உணரும் அளவு, 6400-உடன் முடிகிறது, நான் 3200-ஐத் தாண்டுவதில்லை. 2022-இல் வந்த எம் 11 அதே 6400-இல் விளக்கொளியில் நின்ற முகங்களைத் தோலின் நிறம் மாறாமல் தந்தது.

பகல் வெயிலிலும் அதற்கே வெற்றி. காலி முகத்திடலில் ஐஎஸ்ஓ 200-இல் லென்ஸின் துவாரத்தை எஃப்2 வரை அகலத் திறந்து எடுக்கக் கிட்டத்தட்ட 1/12,800 செக்கன் ஷட்டர் வேகம் வேண்டும், என்னுடையது 1/4000-உடன் நின்றுவிடும். எம் 11 எலெக்ட்ரோனிக் ஷட்டரில் 1/16,000 வரை போகும். ஆனால் ஒளியை மூன்று ஸ்டொப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடியை (என்டி ஃபில்டர்) லென்ஸில் போட்டால் என் கமராவிலும் அந்தப் படம் வரும். 60 மெகாபிக்சலில் ஒரு படம் 70 எம்பி அளவில் வந்து என் லப்டொப்பைத் திணறடித்தது. அப்புறம் 18-க்குக் குறைத்துத்தான் எடுத்தேன்.

ஆனால் ஃபோகஸ் அதிலும் தப்பியது! அதே அம்மா, அதே பொட்டு, அதே சேலைக் கரை. நண்பர் என் எம் 240-ஐ முக்காலியில் வைத்து, சாய்த்து வைத்த அடிமட்டத்தில் ஃபோகஸ் பிடித்துப் பார்த்தார். அவர் எடுத்த எல்லாமே சரி. அப்போதுதான் விளங்கியது, பிரச்சினை என் கண்ணில். வெள்ளெழுத்து வந்திருக்கிறது. லைக்கா பார்வைக் கண்ணாடி மைனஸ் 0.5 பவருக்குச் சமமாக அமைந்தது, வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அது இன்னும் கஷ்டம். கண்ணாடிக் கடையில் சோதிக்கும் லென்ஸ்களை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கும் கமராவுக்கும் நடுவே பிடித்துப் பார்த்தேன். பிளஸ் 1-இல் பொட்டு பளிச்சென்று ஒன்றானது. கமராவின் பார்வைக் கண்ணாடியில் திருகிப் பூட்டும் திருத்த லென்ஸ் அதே அளவில் வாங்கினேன். போன ஞாயிறு இருபது படத்தில் பதினேழு சரி.

எம் 11 வெளிவந்தபோது விலை 8,995 டொலர். டொலரை 300 ரூபாய் என்று போட்டாலும் ஏறத்தாழ 27 இலட்சம், வரி தனி. நான் மாறவில்லை. இரவில் நிறைய எடுப்பவர், கண் சரியாக இருப்பவர், காசும் இருக்கிறது என்றால் எம் 11 எடுக்கட்டும், ஏமாற்றாது. நான் கமரா வைக்க ஒரு ட்ரை கபினட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், உள்ளே ஈரப்பதம் 45 வீதத்தில் நிற்க. வெள்ளவத்தைக் கடல் காற்றில் என் 50 லென்ஸின் ஓரத்தில் பூஞ்சணம் நூல் மாதிரிக் கிளம்பியிருக்கிறது, அதை முதலில் துடைப்பிக்க வேண்டும்.