“முழுமையான பிரதி” என்று போட்டிருந்ததை நம்பி 425 டாலர் போச்சு

பார்சல் வந்து ஆறு நாளாகிறது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பழைய காமிக்ஸ் தொகுப்பிதழ்கள் சேர்க்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். எப்படிச் சோதித்து வாங்குவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வாங்கியது ‘ரா’ (Raw) என்ற காமிக்ஸ் தொகுப்பிதழின் 2, 4, 7 ஆகிய இதழ்கள். ஆர்ட் ஸ்பீகல்மேனும் பிரான்சுவா மூலியும் 1980-இல் நியூயார்க்கில் தொடங்கிய அதே ‘ரா’. விற்றவர், பழைய புத்தகங்களை ஏலம் விடும் ஒரு இணையதளத்தில் கடை வைத்திருப்பவர். மூன்றும் சேர்த்து 425 டாலர்.

ஏமாந்தது 7-ஆம் இதழில்தான். அட்டையின் மூலை கிழிந்திருந்த படத்தைப் போட்டு, “இது சேதமல்ல, 1985-இல் வெளியிட்டவர்களே ஒவ்வொரு பிரதியையும் கையால் கிழித்தார்கள்” என்று அவரே எழுதியிருந்தார். அது உண்மை. விஷயம் தெரிந்த ஆள் என்று நம்பி, உள்பக்கப் படம் கேட்காமலே பணத்தைக் கட்டிவிட்டேன். அவர் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். வேறொரு பிரதியிலிருந்து கிழித்த மூலை ஒன்று, டேப் போட்டு உள்ளே ஒட்டப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததில் அந்த இடத்தில் காய்ந்த பசையின் மஞ்சள் கறை மட்டும் இருக்கிறது. விரல் வைத்தால் சொரசொரக்கிறது. துண்டைக் காணோம்.

மற்ற இரண்டும் இதைவிட மோசம். 2-ஆம் இதழோடு வந்த, ஓவியர் மார்க் பேயர் வரைந்த பபிள்கம் அட்டைகள் (பபிள்கம்மோடு வரும் மாதிரியான சின்னப் பட அட்டைகள்) இல்லை. ஸ்பீகல்மேனின் ‘மவுஸ்’ (Maus) சித்திரக் கதையின் முதல் அத்தியாயம் சின்னப் புத்தகமாக அந்த இதழுக்குள்தான் வந்தது. அதையும் உருவியிருக்கிறார்கள். 4-இல் இருக்க வேண்டிய, வளையக்கூடிய மெல்லிய இசைத்தட்டும் இல்லை. தனித்தனியாக விற்றால் தனித்தனிக் காசு, வேறென்ன காரணம்?

கேட்டதற்கு முதல் பதில்: “மூலை கிழிந்திருப்பது ஒரிஜினல்தான்.” நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. இரண்டாவது பதில்: “முழுமை என்றால் பக்கங்கள் முழுமை.” அதன் பிறகு பேச்சே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தால், பொருள் படத்தில் உள்ளபடியே வந்திருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 425 டாலர்!

விரிவாக எழுதப் பொறுமை இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். இதழோடு சேர்ந்து வரும் இணைப்புப் பொருள்களைப் பெயர் சொல்லி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் படம் வாங்குங்கள். 7-ஆம் இதழ் என்றால் உள்ளே ஒட்டிய துண்டின் படம் கட்டாயம். அது அட்டையோடு பொருந்தாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், இயல்புதான். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். இந்த இதழ்கள் ஏறக்குறைய 14 அங்குல உயரம். இரு பக்கமும் கெட்டி அட்டை வைத்து, மடிக்காமல் அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு 4-ஆம் இதழ் நடுவில் மடிந்தே வந்தது.

படிக்க மட்டும்தான் வேண்டுமென்றால் 1989 முதல் 1991 வரை பெங்குயின் சிறிய அளவில் போட்ட மூன்று இதழ்களைத் தேடுங்கள்.

425 டாலருக்கு வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.