கூட்டமில்லாத மலைப்பாதை: செயலியா, வரைபடமா, அங்குள்ளவர்களா?

மலைப்பாதைகளைக் காட்டும் எந்தச் செயலியைத் திறந்தாலும் முதலில் வந்து நிற்பது அதிகம் பேர் போய்வந்த பாதைதான். அதற்குத்தான் மதிப்புரைகளும் படங்களும் நட்சத்திரங்களும் அதிகம். அமைதியைத் தேடுகிறவர்களுக்கு இந்த வரிசையே தலைகீழானது. இருந்தும் பெரும்பாலோர் தேடலை அங்கே தொடங்கி, பட்டியலின் முதல் பக்கத்திலேயே முடித்துவிடுகிறார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த பாதையைக் கண்டுபிடிக்க வேறு வழிகளும் இருக்கின்றன: சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடம், அந்த மலையை அறிந்தவர்களின் வாய்மொழி, பேர்பெற்ற பாதைக்கே ஆளில்லாத நேரத்தில் போவது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வரைபடத்தின் பக்கம்.

கடைசி வழியை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் சொல்ல அதிகம் இல்லை. வார நாளில் விடியும்போது நடக்கத் தொடங்கினால் பேர்பெற்ற பாதையும் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். பராமரிப்பு நன்றாக இருக்கும், வழிகாட்டிப் பலகைகள் இருக்கும், கால் சுளுக்கினால் உதவிக்கு யாராவது வருவார்கள். புதிதாக மலையேறுகிறவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். இன்னொன்று: கூட்டம் பெரும்பாலும் முதல் காட்சிமுனையோடு நின்றுவிடும். அதைத் தாண்டி அரை மணி நேரம் நடந்தாலே பாதை வேறாகிவிடும். ஆனால் சூரிய உதயக் காட்சிக்கென்றே பெயர் வாங்கிய சிகரங்களில் விடியற்காலைதான் நெரிசலான நேரம். அமெரிக்காவின் ஸையன் தேசியப் பூங்காவில் உள்ள ஏஞ்சல்ஸ் லேண்டிங் போன்ற இடங்களில் நெரிசல் முற்றிப்போய், 2022 ஏப்ரல் முதல் அனுமதிச்சீட்டு இல்லாமல் போக முடியாது. அங்கே நேரத்தை மாற்றினாலும் சீட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

செயலிகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாலம் அடித்துப்போயிருக்கிறது, மரம் விழுந்து வழி மறித்திருக்கிறது என்பன போன்ற அண்மைச் செய்திகளை வேறெதுவும் இவ்வளவு விரைவாகத் தருவதில்லை. பதிவிறக்கிய ஜிபிஎஸ் தடம் மூடுபனியில் உயிரைக் காக்கும். விக்கிலாக் போன்ற தளங்களில் தனிமனிதர்கள் பதிவேற்றிய, மிகச் சிலரே பார்த்த தடங்களும் கிடைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், மதிப்புரை குறைவாக இருப்பதற்குக் காரணம் யாருக்கும் தெரியாத அழகான பாதை என்பதாகவும் இருக்கலாம், போனவர்கள் பாதியில் திரும்பிவிட்டார்கள் என்பதாகவும் இருக்கலாம். இரண்டையும் செயலி பிரித்துக் காட்டாது.

ஓட்டத்தையும் நடையையும் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியில், பயனர்கள் அதிகம் போன வழிகளை வெளிச்சமாகக் காட்டும் ஹீட்மேப் என்ற வரைபடம் உண்டு. அதைப் பலர் தலைகீழாகப் படித்துப் பார்க்கிறார்கள்: வெளிச்சமான கோடுகளைத் தவிர்த்துவிட்டு மங்கலான இழைகளைத் தேடுவது. நல்ல உத்திதான், ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. 2018 ஜனவரியில் இந்த ஹீட்மேப், ஆளரவமற்ற பகுதிகளில் இருந்த ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகளை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது நினைவிருக்கலாம். கருவி வைத்திருந்த சிப்பாய்கள் ஓடிய இடம் ஒளிர்ந்தது. சுற்றிலும் வாழ்ந்த மக்களின் நடை எதுவும் அதில் விழவில்லை. ஆகவே ஹீட்மேப்பில் இருட்டாக இருக்கும் ஒற்றையடிப் பாதையில் மலைக்கிராமத்தார் தினமும் விறகும் சுமையும் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருக்கலாம். அதைப் பார்த்து அங்கே யாரும் போவதில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

வரைபடம் மனிதர்களின் விருப்பத்தை எண்ணுவதில்லை, நிலத்தைக் காட்டுகிறது. என் சாய்வுக்குக் காரணம் அதுதான். 1:25,000 அளவுள்ள தாளில் 4 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் ஒரு கிலோமீட்டர். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். இதைப் படிக்கப் பழகிவிட்டால் கூட்டம் எங்கே சேரும் என்பதை அங்கே போகாமலேயே ஊகிக்கலாம். வாகன நிறுத்தத்திலிருந்து அருவிக்கோ சிகரத்துக்கோ நேராகப் போய்த் திரும்பும் பாதையில் நிச்சயம் கூட்டம் இருக்கும். அதே சிகரத்துக்கு மறுபக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் நீண்ட வழியில் குறைவாக இருக்கும். நான் முதலில் தேடுவது கணவாய்களை. ஒரு பள்ளத்தாக்கில் ஏறிக் கணவாயைக் கடந்து அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கும் பாதை, காரில் வந்தவர்களுக்குத் தொந்தரவு: வண்டி ஒரு பக்கம், அவர்கள் மறுபக்கம். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்புகிறவர்களுக்கு அது தடையே இல்லை. உச்சியில் பெயர்போன எதுவும் இல்லாத நீண்ட முகடுகளும் அப்படித்தான்.

வரைபடத்தை வைத்தே நேரத்தையும் கணக்கிடலாம். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஓய்வு இதில் சேராது. புதர் மண்டிய பாதையில் இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வரைபடத்தின் பலவீனம் அதன் வயது. தாளில் இருக்கும் புள்ளிக்கோடு நிலத்தில் மறைந்துபோயிருக்கலாம். 2004-இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாதையின் கடினத்துக்கும், தரையில் தடம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதற்கும் தனித்தனிக் குறிப்புகள் இடும் வசதி உண்டு. அவை நிரப்பப்பட்டிருந்தால் பெரும் உதவி. கார் ஓட்டுவதற்கான வரைபடங்களை மட்டும் மலையில் நம்பவே கூடாது. 2021-இல் பென் நெவிஸ் மலையில் கூகுள் மேப்ஸ் காட்டிய வழி உயிருக்கே ஆபத்தானது என்று ஸ்காட்லாந்தின் மலையேற்ற அமைப்பினர் எச்சரித்தார்கள்.

வரைபடத்தில் இல்லாததை வனக்காவலரோ மலைக்கிராமத்தாரோ சொல்வார்கள்: எந்த ஓடை மழைக்குப் பின் கடக்க முடியாதது, எந்தப் பகுதியில் விலங்கு நடமாட்டம், எது சட்டப்படி மூடப்பட்டிருக்கிறது. கடைசியாகச் சொன்னதில் அவர்கள் சொல்லே முடிவு; மூடிய காட்டுக்குள் அமைதி தேடி நுழைவது எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் 'நல்ல பாதை எது?' என்று பொதுவாகக் கேட்டால், வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லும் அருவியைத்தான் உங்களுக்கும் சொல்வார்கள். வரைபடத்தை விரித்து ஒரு கோட்டைத் தொட்டு, 'இதில் இப்போது போக முடியுமா, கடைசியாக யார் போனார்கள்?' என்று கேட்டால் பேச்சு வேறு மாதிரிப் போகும். எனவே வீட்டில் வரைபடம், அங்கே போனதும் மனிதர்கள், இடையில் சரிபார்க்கச் செயலி. இந்த வரிசைதான் எனக்கு ஒத்துவருகிறது.

ஆளில்லாத பாதையில் உதவியும் இல்லை. எந்த வழியில் போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், அதற்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதை எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

திரும்பிய பிறகு தடத்தைப் பதிவேற்றலாமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நிலத்தைப் பார்த்துத்தான் நான் முடிவெடுப்பேன். பாறையும் கெட்டியான மண்ணுமாக இருந்தால் வெளியிடுவதில் தவறில்லை. உடைந்த பாலத்தைப் பற்றிய குறிப்பு அடுத்து வருகிறவருக்கு உதவும். சதுப்பும் மென்மையான மேட்டுப் புல்வெளியும் சில நூறு காலடிகளைக் கூடத் தாங்காது. அப்படிப்பட்ட பாதை என்றால் செயலியில் 'எனக்கு மட்டும்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிடுவேன், படங்களிலிருந்து இடக்குறிப்பையும் நீக்கிவிடுவேன்.